தலை தம்பிக்கு, கால் அண்ணனுக்கு

"தையல் போடுது மேஸ்திரி! எங்கப்பா ஓட்ன மாரியே போடுது!"

கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்த நாகேந்திரனுக்கு வாயெல்லாம் பல். சாக்கில் சுற்றித் துருப்பிடித்துக் கிடந்த மிஷின் தலையை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, திருகு திருகாகக் கழற்றித் துடைத்து, உயிர் கொடுத்திருந்தார் மிஷின் ரிப்பேர் பார்க்கும் குமணன்சாவடி வேதமுத்து.

"தலை ரெடி. காலு?" என்றார் அவர்.

அதுதான் வம்பு. அப்பா செத்ததும் அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள். நிலம், மாடு எல்லாம் சரிபாதி. கடைசியில் இந்தக் கூடாரம் தைக்கும் பெரிய மிஷின் நின்றது. பஞ்சாயத்தார் மூளையைக் கசக்கி, தலை தம்பிக்கு, மிதியோடு இருக்கும் இரும்புக் கால் அண்ணனுக்கு என்று சொல்லிவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"வேற காலு எதுனா?"

"இந்தத் தலைக்கு அந்தக் காலுதான் நைனா. ஒங்கண்ணன் வீராசாமியக் கேட்டேன். ஊட்ட உட்டு எடுக்க உடமாட்டாராம். வேணும்னா தலைய எட்தாந்து அங்கியே ஒக்காந்து தெச்சிக்கணுமாம்."

"பாத்தியா மேஸ்திரி! தண்ணிக் கொடம் வெக்கிற இரும்பு. அதுக்கு நான் போய் அவரு வாசல்ல நிக்கணுமா? மனுசனா அது?"

ஆனால் யுத்த காலம். ஆவடி முகாமுக்குக் கூடாரம் வெள்ளிக்கிழமை போகாவிட்டால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். வீட்டில் அரிசி வேறு இல்லை. நாகேந்திரன் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு தலையை வண்டியில் ஏற்றினான். கூடவே வேதமுத்துவும் போனார்.

வீராசாமி தம்பி முகத்தையே பார்க்கவில்லை. குடத்தை இறக்கச் சொல்லிப் பெண்டாட்டியிடம்தான் பேசினார். தலை காலில் உட்கார்ந்தது. நாகேந்திரன் மிதித்தான். கான்வாஸ் பொதி கனம். பின்னாலிருந்து ஒருவர் இழுத்துக் கொடுக்காமல் நகராது. கொஞ்ச நேரம் ஒற்றை ஆளாக மல்லுக்கட்டினான்.

"டேய், கோணிக்கினு போவுது பாரு. நேரா புடி!"

வீராசாமி மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

மாலையில் வேதமுத்து வீடு திரும்பியதும் மனைவி சகாயம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"சாக்குக்கு அடியில நம்மகிட்டயே ஒரு காலு கீதே, அச்சா பொருந்துமே! பாவம், அந்தப் புள்ளைகிட்ட ஏன் பொய் சொன்னீங்க? அந்த ஈவு எரக்கமில்லாத மனுசன் வாசல்ல கொண்டுபோய் நிக்க வெச்சிட்டீங்களே!"

"அத சாக்குப் போட்டு மூடச் சொன்னதே அந்த மனுசன்தான். 'கூப்ட வாய் வரல மேஸ்திரி. எனக்காக வரமாட்டான், இந்த இரும்புக்காவது வரட்டும்'னு என் கையப் புடிச்சிக்கினு அழுதுட்டாரு."