காலிக் குதிரை

ஸ்தூபியைச் சுத்தி இருந்த கல்லுல ஒரு குதிரையைச் செதுக்கியிருந்தாங்க. முதுகுல ஆளைக் காணோம், ஆனா மேல குடை மட்டும் பிடிச்சிருந்தாங்க.

உச்சி வெயில்ல ஒரு அணில் நிறைமாசமா வந்துச்சு.

"அண்ணே, முதுகு காலியாத்தானே கெடக்கு? குடை நிழல்ல குட்டி போட்டுக்கவா?"

"காலியா? புத்தர் உட்கார்ந்திருக்காரு தாயி. அரண்மனைய விட்டுக் கிளம்புறாரு. அவரை உருவமாச் செதுக்குறது எங்க சிற்பிக்கு வழக்கமில்ல."

"எனக்குத் தெரியலையே!"

"எனக்கு முந்நூறு வருஷமா முதுகு வலிக்குது."

அணிலுக்கு வயிறு இழுத்துப் பிடிச்சுது. "கோவிச்சுக்குவாரா?"

"இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல."

அணில் ஏறி, நடுவுல இடம் விட்டு, வாலோரமா ஒடுங்கிப் படுத்துச்சு.

முதல் குட்டி பிறந்தப்போ, முதுகுல இருந்த பாரம் கொஞ்சம் முன்னால நகர்ந்து உட்கார்ந்ததை குதிரை உணர்ந்துச்சு.