நீல விளக்கில் விரல்கள்

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், மருத்துவமனை ஒன்றின் ஆய்வுகூடம். பின்னேர வெளிச்சம் வராமல் கறுப்புத் திரை இழுத்து விடப்பட்டிருக்கிறது. நீல விளக்கின் கீழ் கிடக்கும் கோழி இறைச்சிக்குள் ஊசியால் ஏற்றிய சாயம் பச்சையாய் ஒளிர்கிறது. ஒளிர்வதை மட்டும் வெட்டி எடுத்து, நல்ல சதையை விட்டுவிட வேண்டும். இப்படிப் புற்றுக்கட்டி அகற்றும் பயிற்சிக்கு ஒருவரைத்தான் எடுப்பார்கள்; தெரிவுசெய்யும் பேராசிரியர் இப்போது வந்து பார்ப்பார். டாக்டர் தக்ஷினி வெட்டுகிறாள். ஓரத்தில் இன்னொரு பொட்டு மினுங்குகிறது. அதையும் வெட்டுகிறாள், பக்கத்தில் இன்னொன்று. குழி அகன்றுகொண்டே போகிறது.

“மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?” என்கிறார் சாயம் ஏற்றித் தந்த உதவியாளர் அன்ரன். “சோறும் பருப்பும். ஏன் அண்ணை?” “கையாலயோ?” “பின்னை, காலாலயோ?” “கையுறையைக் கழட்டிப்போட்டு விரலை விளக்குக்குக் கீழ நீட்டுங்கோ.” நீட்டுகிறாள். நகக்கண்கள் பச்சையாய் ஒளிர்கின்றன. பருப்பில் போட்ட மஞ்சள்; நீல ஒளியில் அதுவும் பச்சையாய்த்தான் ஒளிரும். அந்த விரல்களால்தான் கையுறையை இழுத்து மாட்டினாள்; மஞ்சள் கையுறையின் வெளிப்புறத்தில் ஒட்டி, தொட்ட சதையிலெல்லாம் பட்டிருக்கிறது. வெட்டி எறிந்ததில் பாதி நல்ல சதை. “கெதியாக் கழுவுங்கோ, வேற துண்டு தாறன், அவருக்குத் தெரியவராது,” என்கிறார் அன்ரன். வெளியே பேராசிரியரின் சப்பாத்துச் சத்தம் நெருங்குகிறது. தக்ஷினி தண்ணீர்க் குழாயைப் பார்க்கிறாள், பிறகு குழியைப் பார்க்கிறாள். கதவு திறக்கும்போது அவள் கழுவாத கையை நீல விளக்கின் கீழேயே விரித்து வைத்திருக்கிறாள்.