அழாத பிள்ளைகள்

தலைக்கு இவ்வளவென்று ரேஷனில் அரிசி அளந்த யுத்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச் தெருவில் தலை எண்ண வந்த குமாஸ்தா நம்பி, ஏசம்மாள் வீட்டுச் சேலைத் தொட்டிலை எட்டிப் பார்த்தார். மஞ்சள் சட்டையும் குல்லாயுமாகக் கிடந்த பிள்ளை அசையவில்லை.

"இப்பத்தான் தூங்குதான் சார்," என்றாள் ஏசம்மாள்.

நம்பி எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் ஏசம்மாள் பிள்ளையின் சட்டையை உருவினாள். கொக்கி ஊசியால் ஒரு வாரமாக நூலில் பின்னி, பஞ்சடைத்து அவள் பெற்ற பொம்மைப் பிள்ளை அது. பச்சைச் சட்டையை மாட்டி, புறவாசல் வழியாக அடுத்த வீட்டு வேதமணியிடம் நீட்டினாள். அங்கிருந்து சிவப்புச் சட்டையில் மூன்றாம் வீட்டுக்குப் போனது.

இப்படியே ஏழு தொட்டில். ஏழையும் எழுதி முடித்த நம்பி, நேரே ஏசம்மாள் வாசலுக்குத் திரும்பி வந்தார்.

"ஏம்மா, இந்தத் தெருவில ஒரு பிள்ளைகூட அழலையே?"

"எல்லாம் கர்த்தரோட கிருபை சார்."

நம்பி குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு எங்க தெருவுக்கு ராஜபாளையத்து ஆபீசர் தலை எண்ண வாராரு. பிள்ளையச் செத்த நேரம் அனுப்பி வைம்மா. சட்டை வேண்டாம். எங்க தெருவில அஞ்சு வீட்டுலயும் தச்சு வச்சாச்சு."