கூண்டை விட்டு வந்த கொசு

நாங்கள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கொசு வளர்க்கும் அறைக்குள் நானும் அண்ணியும் அசையாமல் நிற்கிறோம். கொசுக்களுக்கு ரத்தம் கொடுக்கக் கூண்டுக்குள் விட்டிருந்த கையை அண்ணி வெளியே இழுத்தபோது ஒரு கொசுவும் கூடவே வந்துவிட்டது. அதைக் கொல்லும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். தட்டுத் தண்ணீரில் புழுக்கள் நெளிகின்றன. சுவரெல்லாம் வியர்த்திருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே அம்மா, அண்ணியின் கைக்குழந்தையைத் தோள் மாற்றி மாற்றிப் போடுகிறாள். குழந்தைக்குப் பால் வேளை என்று தூக்கி வந்திருக்கிறாள். வாய் அகலத் திறந்திருக்கிறது, அழுகைதான் கேட்கவில்லை. அண்ணியின் வெள்ளைக் கோட்டில் பால் கசிந்த ஈரம் வட்டமாகப் பெரிதாகிக்கொண்டே போகிறது. கொசு வந்து உட்காரட்டும் என்று இருவரும் வெறுங்கையை நீட்டிக்கொண்டிருக்கிறோம். “வாடி மகராசி, வந்து கடிச்சுத் தொலை. என் புருஷனே என்னை இவ்வளவு நேரம் காக்க வச்சதில்ல” என்கிறாள் அண்ணி. எனக்குச் சிரிப்பு வருகிறது. பிறகுதான் உறைக்கிறது. “அண்ணி, எல்லாம் குடிச்சு முடிச்ச பிறகுதானே கையை எடுத்தீங்க? வயிறு ரொம்பினது எப்படி வரும்? எங்கயாவது இடுக்குல போய் ஒட்டிக்கிட்டுத் தூங்கும்ல?” அண்ணி என்னைப் பார்க்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது.

“தெரியும். நீ கையை இறக்காத. அத்தை பாக்குறாங்க.”