கடைசி எண்ணில் ஒன்று கூட்டி

என் மனைவி பூங்கோதை அதைக் கேட்டது, கையில் மாவுக்கட்டுடன் வீடு திரும்பிய அன்றா, மறுநாளா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை.

பகல். அது மட்டும் தெரியும்.

வாசல் கதவுக்குப் பக்கத்தில், சுவரில் இருந்த அலாரப் பெட்டியின் முன் நின்றிருந்தாள். வலது கை கழுத்திலிருந்து தொங்கியது. இடது கை விரலால், பொத்தான்களைத் தொடாமல், காற்றில் அழுத்திப் பார்த்தாள்.

இரண்டு. ஏழு. நான்கு. ஏழு.

"ஏனுங்க, நான் சரியாத்தானுங்க அழுத்துனேன்?"

நான் செருப்பைக் கழற்றினேன்.

ஹூஸ்டனில் வேலை முடிந்து மெக்சிகோவின் இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்து நாலு வருடம். எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட வயதானவர்கள் இங்கே நிறைய. கூடினால் மதில், மின்வேலி, நாய் என்றுதான் பேச்சு.

நானும் மதிலை உயர்த்தினேன். ஜன்னல்களுக்குக் கம்பி போட்டேன். அலாரம் வைத்தேன்.

அலாரத்துக்கு இரண்டு எண்கள்.

2746 அழுத்தினால் அது அணையும்.

2747 அழுத்தினாலும் அணையும். ஆனால் காவல் நிறுவனத்தில் ஒரு விளக்கு எரியும். யாராவது மிரட்டி அணைக்கச் சொன்னால் அழுத்துவதற்காக. ஏழு நிமிடத்தில் ஆள் வரும் என்றார்கள்.

பூங்கோதைக்கு ஒரு முறைதான் சொன்னேன். கல்யாணத்துக்கு முன் பொள்ளாச்சி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். ஊரில் பாதிப் பேரின் எண் இன்னும் அவளுக்கு மனப்பாடம்.

"கடைசில ஒண்ணு கூட்டோணும், அவ்வளவுதானுங்க? இதைப் போயி எதுக்குக் காயிதத்துல எழுதி ஒட்டறீங்க? திருடன் படிக்கறதுக்கா?"

எல்வீரா செவ்வாயும் வெள்ளியும் வீட்டு வேலைக்கு வருவாள். பத்து மணி வாக்கில், நாங்கள் ஏரிக்கரையில் நடக்கப் போயிருக்கும் நேரம்.

அவளுக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டியிருந்தது.

2747 கொடுத்தேன்.

அவள் எப்போது உள்ளே போகிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். அவள் ஒரு ஸ்பூனைக்கூட எடுத்ததில்லை.

பூங்கோதையிடம் இதைச் சொல்லவில்லை.

விளக்கு எரியும். நிறுவனத்தில் போன் எடுக்கும் ரமிரோ என்னைக் கூப்பிடுவார். எல்வீராதான், ஆள் அனுப்ப வேண்டாம் என்பேன்.

நாலைந்து வாரத்தில் அது வேடிக்கையாகிவிட்டது.

"சார், இன்னைக்கும் உங்க எல்வீராவைக் கடத்திட்டாங்க."

"பாத்திரத்தைக் கழுவிட்டுக் கடத்தச் சொல்லுங்க."

சிரிப்போம்.

பிறகு ஒரு நாள், செவ்வாய், வெள்ளி பத்து மணி வாக்கில் விளக்கு எரிந்தால் இனிமேல் கூப்பிடவே வேண்டாம், நோட்டில் குறித்து வைத்தால் போதும் என்றேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. நான் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தேன். பூங்கோதை கடைக்குப் போய்விட்டுத் தனியே திரும்பினாள். கதவைத் திறந்தபோது பின்னாலேயே இரண்டு பேர் உள்ளே நுழைந்தார்கள். அலாரம் கீச்சிடத் தொடங்கியது. அணைக்கச் சொன்னார்கள்.

அணைத்தாள்.

ஏழு நிமிடம் என்பது அவளுக்குத் தெரியும்.

அதனால் பீரோ சாவியைத் தேடினாள். இருக்கும் இடம் தெரிந்தும் தேடினாள். அரிசி டப்பாவில். துணிக்கூடையில். முருகன் படத்துக்குப் பின்னால்.

ஏழு நிமிடம் ஆனது.

இன்னும் தேடினாள்.

அவர்களில் ஒருவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினான்.

அவளைக் கட்டிப்போட்டிருந்த துண்டை அவிழ்த்தது, அன்று தாமதமாகப் பத்தரைக்கு வேலைக்கு வந்த எல்வீரா.

காவல் நிறுவனத்துக்குச் சண்டை போடப் போனேன். ரமிரோ அன்றைய பக்கத்தைத் திறந்தார். நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

வெள்ளி, 9.52. எல்வீரா. வழக்கம்போல்.

அதைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருந்தேன். பூங்கோதை அலாரப் பெட்டியின் முன் நின்றிருந்தாள்.

"கை நடுங்கலீங்க. ஏழுன்னு பாத்துத்தான் அழுத்துனேன். ஆறு இல்லீங்க."

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்.

அந்த வாரம் தினமும் உதவிக்கு வந்த எல்வீரா முற்றத்தில் கூட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி தொடங்கியது.

"பயத்துல ஆறை அழுத்தியிருப்பே கோதை," என்றேன். "நமக்கும் வயசாச்சில்ல."

அவள் விரல் காற்றில் அப்படியே நின்றது.

பிறகு அதை மடக்கிக்கொண்டாள்.

"இருக்குமுங்க," என்றாள்.

அந்த இருவரும் பிடிபடவில்லை. ரமிரோ குவாதலஹாரா நகரத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். எல்வீராவுக்கு 2746 கொடுத்துவிட்டேன். கடைசி எண் ஏன் மாறியது என்று அவள் கேட்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள். இப்போதும் செவ்வாயும் வெள்ளியும் வருகிறாள்.

பூங்கோதையின் எலும்பு கூடிவிட்டது. ஞாபகசக்தியைச் சோதிக்கும் மருத்துவரிடம் அவளாகவே கேட்டுக்கொண்டு போனாள். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னாள். ஒரு குறையும் இல்லை என்றார் அவர். அவள் நம்பவில்லை. கார் ஓட்டுவதை விட்டுவிட்டாள். பொள்ளாச்சி எண்களைச் சொல்லிக் காட்டுவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டாளா என்று என்னைப் போய்ப் பார்க்கச் சொல்கிறாள்.

போய்ப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அணைத்துத்தான் இருக்கிறது.

அலார எண்ணை இப்போது எங்கள் இருவரில் நான் மட்டும்தான் அழுத்துகிறேன்.