மெர்டேக்கா பிள்ளை

"அக்கா வரலன்னா நான் மேடை ஏறவே மாட்டேன். இப்பவே போன் பண்ணிச் சொல்லிடு வசந்தன்."

மங்களம் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள். மகன் வசந்தன் கார்ச் சாவியோடு வாசலில் தவித்தான். தங்கா பத்துவிலிருந்து ஆயர் குரோவுக்குப் போயாக வேண்டும். சுதந்திர நாளான மெர்டேக்கா தினமும் அதுவுமாய்ச் சாலையில் நெரிசல் வேறு.

நாடு சுதந்திரம் பெற்ற அன்றைக்கே பிறந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பொன்னாடை போர்த்துகிற விழா அது. மங்களத்தின் சூராட் பெரானாக்கில், அதாவது பிறப்புப் பத்திரத்தில், 1957 ஆகஸ்ட் 31 என்று பளிச்சென்று இருக்கிறது. சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில், மெர்டேக்கா பிள்ளை என்று சொல்லித் தோட்டத்து எழுத்தரான கிராணியே ஆசையாய்ப் போய்ப் பதிந்து வாங்கி வந்த பத்திரமாம்.

மூத்தவள் பெத்தம்மாள்தான் வர மறுத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. குடியுரிமை கேட்டு அவள் போட்ட விண்ணப்பம் முந்தாநாள்தான் நான்காவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி இல்லையாம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல் தம்பிமாரை இடுப்பில் சுமந்து, பதினாலு வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய், முதுகு கூனிய பிறகும் அவள் கையில் இருப்பது குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசி. ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. சாவதற்குள் குடிமக்களுக்கு உரிய நீல ஐசி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும் என்பாள். பிறந்த மண்ணைப் பிறந்த மண் என்று சொல்லிக்கொள்ள ஒரு மனுஷி எத்தனை வருஷம்தான் வரிசையில் நிற்பது?

நான்கு முறையும் கூடவே அலைந்தவள் மங்களம். கடிதம் திரும்பி வரும்போதெல்லாம் அக்காவை விட அவள்தான் சோறு தண்ணி இல்லாமல் கிடப்பாள். கூடப் பிறந்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் மெச்சாதவர் இல்லை.

"ரெண்டு மணி நேரம்தான்லா பெரியம்மா. அம்மா அடம் பிடிக்கிறாங்க பாருங்க," என்று வசந்தன் கெஞ்சினான்.

"இந்தச் சிவப்பு ஐசிக்காரிக்கு அங்க என்னடா வேல?"

சொல்லிவிட்டுத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள் பெத்தம்மாள். மங்களத்தின் கண்கள் கலங்கியிருந்தன. மூத்தவள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மண்டபத்தில் மூவருக்கும் முன் வரிசையில் இடம். தலைவர் ஒருவர், நாட்டைக் கட்டியெழுப்பியதில் தோட்ட மக்களின் பங்கைப் பற்றி நீட்டி முழக்கினார். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது பெத்தம்மாள்தான். வசந்தனுக்கே அது என்னவோ போலிருந்தது.

பிறகு பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்கள்.

"மங்களம், நல்லமுத்துவின் மகள்."

சட்டென்று எழுந்து நின்றவள் பெத்தம்மாள். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் வெட்கிப்போய் மறுபடி உட்காரப் பார்த்தாள்.

"பெரியம்மா, அம்மாவத்தான் கூப்புடுறாங்க," என்று வசந்தன் அவள் கையைப் பிடித்தான்.

மங்களம் எழுந்திருக்கவில்லை. அவள் பேசியது மகனுக்கு மட்டும்தான் கேட்டது.

"விடுடா. சொன்னா உன் நீல ஐசிக்கும் ஆபத்து வந்துடுமோன்னு இத்தன வருசமா வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். எனக்குச் சூராட் எடுக்கல, ஸ்கூல்ல சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க. மரம் வெட்டப் போற புள்ளைக்கு இது எதுக்குன்னு, எங்கப்பா அக்காவோட சூராட்டையும் மங்களங்கிற பேரையும் எடுத்து எனக்குக் குடுத்துட்டாரு."