இறங்கும் எண்

நூற்று நாற்பத்தெட்டு. நூற்று நாற்பது.

கட்டிலுக்கு மேலே இருந்த திரையில் இதயத் துடிப்பின் எண் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கட்டிலில் கிடந்தவர் அவள் கணவர். மூன்று தடவை கூப்பிடாமல் சாப்பிடக்கூட எழுந்திருக்காத மனுஷன். அவர் இதயம் மட்டும் நேற்றிலிருந்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் ஓடியது.

டாக்டர் மகனைத் தனியாகக் கூப்பிட்டு நெடுநேரம் பேசினார். மகனோ, பயப்படாதே என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கீழே போய்விட்டான். அம்மாவுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்ற நினைப்பு.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். காலையில் பக்கத்துக் கட்டில் பெரியவரின் எண்ணும் இப்படித்தான் இறங்கியது. தொண்ணூறு, அறுபது, முப்பது. பிறகு துணியைப் போர்த்தித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நூற்றுப் பதினெட்டு.

நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தினாள். இருந்த இரண்டு பேரும் கோடிக் கட்டிலில் யாரையோ பிழைக்கவைக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்க ஆளில்லை.

புதுப் பாட்டிலை மாட்டிய பிறகுதான் எண் இறங்க ஆரம்பித்தது. அதை அவள் கண்ணால் பார்த்தாள். குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தை உருட்டி மூடினாள். சொட்டு நின்றது.

நூற்றைந்தில் சற்றுத் தயங்கிய எண், மெல்ல மெல்ல ஏறியது. நூற்றிருபது. நூற்று நாற்பது. நூற்று அறுபது.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஏங்க, ஏறுதுங்க. கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

அவர் கை சில்லிட்டிருந்தது. தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள்.

ஓடிவந்த நர்ஸ் சக்கரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்மா மூடினீங்க? இதயத்துக்குப் போற ரத்தமே குறைஞ்சு, சதை விறைச்சுக் கிடக்கு. அது தளர்ந்து ரொம்புறதுக்கு நேரம் வேணும். இந்த வேகத்துல அடிச்சா உள்ள ரத்தமே சேராது, சும்மா அடிச்சுக்கிட்டே கிடக்கும். அதை நிதானப்படுத்தத்தாம்மா இந்த மருந்து!"

சக்கரத்தைத் திறந்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

நூற்று அறுபத்தெட்டு. இறங்கித் தொலையேன் என்று அவள் அந்த எண்ணைக் கெஞ்சினாள். அது அசையவில்லை.

நர்ஸ் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியாமல் இல்லை. அதுதான் கொடுமை.

பதினேழு வருஷமாக எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் தண்ணீர் மோட்டார் போடுகிறவள் அவள். கீழ்த்தொட்டியில் தண்ணீர் சேராமல் ஓடினால் மோட்டார் வெறும் காற்றைத்தான் இழுக்கும், நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று வருகிற ஒவ்வொரு காவல்காரருக்கும் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள்.

மகனுக்கும் அது தெரியும்.